நான்கு மில்லி செகண்டு

நான் இரண்டாம் வருடத்தில் கல்லூரியை விட்டவன். அதனால் அலுவலகத்தில் என் பெயர் ‘டிகிரி’. ஒரு சிப்பைத் தயாரிக்கும் முன் அதைக் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த ஓட்டம் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. இந்தச் சிப்பை வடிவமைத்தவள் என் தங்கை. காலை பத்து மணிக்குக் கோப்பு தொழிற்சாலைக்குப் போக வேண்டும். போன பின் திருத்த முடியாது. தப்பிருந்தால் நான்கு மாதம் கழித்துப் பிணமாகத் திரும்பி வரும்.

ஏழு மணிக்கு எல்லாச் சோதனையும் பச்சை. வேலையில்லாமல் அவள் எழுதிய மாடலை, கணினிக்குள் சிப்பாக நடிக்கும் நிரலைப் படித்தேன். சிப்பின் துடிப்பைத் தரும் ஆசிலேட்டருக்கு, தொடக்கத்திலேயே கால் வோல்ட் கொடுத்திருந்தாள். சோதனை சீக்கிரம் முடியட்டும் என்று எப்போதோ போட்ட வரி. எடுக்க மறந்துவிட்டாள்.

அவள் வந்ததும் காட்டினேன். “கிள்ளிவிட்டா எந்தப் புள்ளையும்தான் அழும். கிள்ளாம அழுமா?”

“நிஜ சிப்புல நாய்ஸ் இருக்கும்ணா. தானா கிளம்பிடும்.”

“உன் மாடல்ல அது எங்க?”

நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

வரியை நீக்கி ஓட்டினோம். நேர்க்கோடு. கணக்கில் பிழையில்லை, பூஜ்யமும் சரியான விடைதான். அந்த உலகத்தில் துளி அழுக்கு இல்லை. அதனால் எதுவும் தொடங்கவில்லை.

பிறகு நாய்ஸை, எந்த மின்சுற்றிலும் ஓயாமல் இருக்கும் அந்த நடுக்கத்தைச் சேர்த்தாள். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாக வெட்டினால் அதில் ஒரு துண்டு. சிப்பின் ஒரு மில்லி செகண்டுக்கு எங்களுக்கு ஐந்து நிமிடம். கோட்டைப் பெரிதாக்கிக்கொண்டே இருந்தோம். பிசிறு தெரிந்தது. பிசிறுக்குள்ளிருந்து ஒரே ஒரு துடிப்பு தலைதூக்கியது.

நான்காவது மில்லி செகண்டில் அறுந்தது.

துடிப்பை எண்ணும் டிஜிட்டல் பகுதி அவ்வளவுதான் காத்திருக்கும். அதற்குள் துடிப்பு முழுதாக வளராவிட்டால் ஆசிலேட்டரை அணைத்து மறுபடி எழுப்பும். மறுபடி பிசிறு, மறுபடி தலை, மறுபடி தலையில் தட்டு.

“ஆயுசுக்கும் இப்படித்தான் எழுந்து எழுந்து உக்காரும்,” என்றேன்.

“டிஜிட்டல்காரங்களுக்குப் பொறுமையே கிடையாது.”

“ஒரு மில்லி செகண்ட்ல எழுந்துடும்னு அவங்ககிட்ட சொன்னது யாரு?”

“நான்தான்,” என்றாள். “வாயை மூடுண்ணா.”

காத்திருப்பை இருபது மில்லி செகண்டாக்கினாள். எட்டரை மணி. இரண்டு பேரும் திரையை விட்டு நகரவில்லை. ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது மில்லி செகண்டு வரை, பெரிதாக்காமல் பார்த்தால் வெறுங்கோடு. எட்டில் லேசாகத் தடித்தது. ஒன்பதில் திரையின் மேலும் கீழும் இடிக்கும்படி விரிந்தது. கீழே டிஜிட்டல் பகுதி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கியது. ஒன்றுமே இல்லாததிலிருந்து அது எழுந்தது. யாரும் கிள்ளவில்லை.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்குக் கோப்பு போனது.

“வீட்டுக்குப் போகலையா?” என்றாள்.

“நீ போ.”

ஓட்டத்தை முதல் மில்லி செகண்டுக்கு இழுத்தேன். எந்த இடத்தில் தொடங்கியது என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்படி ஓர் இடமே இல்லை. எவ்வளவு முன்னால் போனாலும் அது ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தது.