பெட்டிக்குள் போன கண்ணாடி

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. வாய்விட்டு 'சரி' என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும், உலகமே புரண்டாலும் மனிதர் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார். சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது, கூப்பிடும்வரை வெளியே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிய பிறகும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தாராம். என் நாத்தனார் இதைப் பெருமையாகத்தான் சொல்வாள். பஸ் டிரைவருக்கு இது நல்ல குணம்தானே என்று நானும் நம்பிக் கழுத்தை நீட்டிவிட்டேன்.

ஞாயிறு மதியம் நாங்கள் கூடுவது ஜட்ஜின் ஜெராக்ஸ் கடையில். கோர்ட் ஜட்ஜ் இல்லை. எங்கள் கேமை நடத்துகிறவர். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால்கூடத் தீர்ப்பு மாதிரி பதில் சொல்வார், அதனால் அந்தப் பெயர். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பின்னறையில் பேப்பர் கட்டுகளைச் சுவரோரம் தள்ளி, நடுவில் மேஜையைப் போட்டு உட்காருவோம். அவர் ஒரு கற்பனை உலகத்தைச் சொல்லிக்கொண்டே போவார். நாங்கள் ஆளுக்கொரு வேஷத்தில் அதற்குள் நடப்போம். வாளை வீசினால் படுமா படாதா என்பதைப் பகடை சொல்லும். என் வீட்டுக்காரர் அதில் காவல் வீரன். சலூனில் முடி வெட்டுகிற என் நாத்தனார் மந்திரக்காரி. எங்கள் தெரு பிளம்பர் வில்லாளி. நான் திருடி. ஏன் திருடி என்று கேட்டதற்கு, நான் பகடை உருட்டும் கையைப் பார்த்துத்தான் முடிவு செய்ததாக ஜட்ஜ் சொன்னார். கொழுப்பைப் பாருங்கள்.

மாயப் பொருள் செய்வதற்கு அவர் வகுத்த விதிகள்தான் எல்லாவற்றையும் கெடுத்தன. மற்ற இடங்களில் ஆடுகிறவர்கள் தங்கக் காசு, மூலிகை என்று எல்லாவற்றையும் கற்பனையிலேயே செலவழித்து மாயவாள் செய்துகொள்வார்களாம். அதில் வலி எங்கே இருக்கிறது என்று ஜட்ஜுக்குக் குறை. அதனால் அவர் ஒரு புது முறையைக் கொண்டுவந்தார். மாயப் பொருள் வேண்டுமென்றால், செய்பவர் தன் நிஜப் பொருள் ஒன்றைத் தகரப் பெட்டிக்குள் போட வேண்டும். அது இல்லாமல் எவ்வளவு திண்டாடுவாரோ, மாயப் பொருளுக்கு அவ்வளவு பலம். ஒரு பகடை பலமா, ஐந்து பகடை பலமா என்பதை ஜட்ஜ் சொல்வார். கேமில் அந்த மாயப் பொருள் இருக்கும்வரை நிஜப் பொருள் பெட்டியில்தான் கிடக்க வேண்டும். பதிலுக்கு வேறொன்று வாங்கிக்கொண்டால் பலம் போய்விடும். வேலை முடிந்தால் பொருள் திரும்ப வரும். ஆனால் மாயப் பொருளை வேறொரு மாயப் பொருளால் யாராவது உடைத்துவிட்டால், பெட்டியில் இருப்பதையும் உடைத்தாக வேண்டும். இதற்கெல்லாம் ஒவ்வொருவரையும் "ஒத்துக்கிட்டேன்" என்று வாயால் சொல்லவைத்தார்.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பிளம்பர் தன் ஸ்பேனரைப் போட்டுக் கேடயம் செய்தார். அந்த வாரம் முழுக்கக் குழாய்களைத் திட்டிக்கொண்டே திரிந்தார். அடுத்து என் நாத்தனார் தன் நல்ல கத்தரியைப் போட்டாள். மூன்று பகடை பலமுள்ள மந்திரக்கோல் கிடைத்தது. பழைய மொக்கைக் கத்தரியால் வெட்டப்போய், ஒரு வாடிக்கையாளரின் காது மடலைக் கிள்ளிவிட்டாள். ரத்தம் வந்த கதையை அவள் நடித்துக் காட்டினாள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம், நானும்தான்.

அதற்கடுத்த ஞாயிறு நான் போகவில்லை. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் சரக்கு சரிபார்க்கும் நாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், இவர் நாற்காலியில் மாட்டியிருந்த என் மழைக்கோட்டைப் பார்த்து, வந்துட்டியா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மூக்கில் கண்ணாடி இல்லை.

பெட்டியில் இருக்கிறது என்றார். கல் கோட்டைக்குள் எல்லோரும் மாட்டிக்கொண்டார்களாம். இருட்டுச் சுரங்கம், சுவருக்குச் சுவர் பொறி. அதனால் சுவரை ஊடுருவிப் பார்க்கும் கண் ஒன்றைச் செய்தாராம். நான்கு பகடை பலம். சொல்லும்போது முகம் பூரித்துப்போயிருந்தது. நாளை காலை டிப்போவுக்குப் போகும்முன் ஜட்ஜ் வீட்டில் போய் வாங்கிக்கொள்வார் என்று நினைத்து, நானும் தலையில் அடித்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

அவர் வாங்கவில்லை. அப்படியே போய்ப் பஸ்ஸை எடுத்திருக்கிறார். அடுத்த நாளும் எடுத்திருக்கிறார். இரண்டாம் நாள் ராத்திரிதான் எனக்கு அது தெரிந்தது. அந்தக் கண்களுக்கு லென்ஸ் போட்டவள் நான். மைனஸ் மூன்று. கடையில் கண் பார்க்க எதிர்ச் சுவரில் மாட்டிய எழுத்து அட்டையில் மேல்வரி எழுத்தே அவருக்குக் கொழகொழவென்று ஒரு கறையாகத்தான் தெரியும். பகலிலேயே இந்தக் கதி. இவருடைய முதல் நடையோ விடியும் முன்னால்.

அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு போட்ட சண்டை இருக்கிறதே, பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கண்ணாடி போட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்று லைசென்ஸிலேயே இருக்கிறதே, அது விதி இல்லையா என்று கேட்டேன். அது ஆபீஸ் போட்ட விதியாம். இது இவர் வாயால் ஒத்துக்கொண்டதாம்.

"மூணு பேரு என்னை நம்பிக் கோட்டைக்குள்ள நிக்கிறாங்க. உன் திருடியும்தான் நிக்கிறா" என்றார்.

"நாப்பது பேரு உங்களை நம்பி பஸ்ஸுல நிக்கிறாங்க."

"பழகின ரோடு. கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன்."

அதற்குமேல் என்ன பேச? மறுநாள் கடையில் அவருடைய பவரிலேயே புதுக் கண்ணாடி ஒன்றைச் செய்து, பிரேமில் மாட்டி, துடைத்துக் கொண்டுவந்து நீட்டினேன். தொடக்கூட மாட்டேன் என்றார். பதில் பொருள் வந்தால் கோட்டைக்குள் அந்தக் கண் குருடாகிவிடுமாம். ஜட்ஜுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் கொஞ்சம் பயந்துதான் போனார். வீட்டில் இன்னொரு கண்ணாடி இருக்கும், இவர் கேமுக்கு மட்டும் போடாமல் இருப்பார் என்று நினைத்தாராம். ஆனாலும் நடுக்கோட்டையில் விதியை மாற்றமுடியாது, மாற்றினாலும் உன் வீட்டுக்காரர் ஏற்கமாட்டார் என்றார். அது உண்மைதான். டிப்போ மேனேஜரின் நம்பரைக்கூட எடுத்துவிட்டேன். வேலை போய்விடுமே என்று போனைத் திரும்ப வைத்துவிட்டேன்.

அவருடைய விதியால்தான் அவரை மடக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குத் தோன்றியது. ஸ்கூட்டரை நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். ஜெராக்ஸ் மெஷின் இன்னும் சூடு ஆறாமல் அறை முழுக்க மை வாசனையாக இருந்தது. ஜட்ஜ் பெட்டியை மேஜை நடுவில் வைத்ததும், எல்லோருக்கும் முன்னால் நான் வாயைத் திறந்தேன். எனக்கு ஒரு சுத்தியல் செய்ய வேண்டும், அதை வைத்து அந்தக் கண்ணை உடைக்க வேண்டும் என்றேன்.

ஜட்ஜ் பெட்டியின் மூடியைத் திறந்தார். "என்ன போடுற தங்கச்சி?"

"இவரை" என்றேன்.

பிளம்பர் சிரித்துவிட்டு, பெட்டி பத்தாது என்றார். சொந்தப் பொருளாக இருக்க வேண்டும் என்று ஜட்ஜ் ஞாபகப்படுத்தினார். பின்னே பக்கத்து வீட்டுக்காரியுடையதா என்று கேட்டேன். அவர் வேறு விதிக்குத் தாவினார். சுத்தியல் தோற்றால் அதுதான் உடைந்ததாகக் கணக்கு, அப்போது பெட்டியில் போட்டதையும், என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நாத்தனார் என் கையைப் பிடித்து, வேண்டாம் அண்ணி, விளையாட்டுக்குக்கூட வேண்டாம் என்றாள். இவர் மட்டும் தடுக்கவில்லை. விதிப்படிதானே நடக்கிறது.

வழக்கமாக ஜட்ஜ் ஒரு கேள்வி கேட்டுத்தான் பலத்தை முடிவு செய்வார். அதையே கேட்டார். "இது இல்லாம உன் நாள் எப்படிப் போகும்?"

கிண்டலாக ஏதாவது சொல்லலாம் என்றுதான் வந்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"காலையில இவர் கதவைச் சாத்துற சத்தத்துலதான் நான் முழிப்பேன். இந்த வாரம் பூரா அந்தச் சத்தம் கேட்டதும், திரும்பி வருவாரா, இல்ல யாரையாவது கொன்னுட்டு நிப்பாரான்னு படுத்தபடியே கெடந்தேன். இவர் இல்லன்னா எனக்குச் சண்டை போடக்கூட ஒரு ஆள் கிடையாது."

ஐந்து பகடை என்றார் ஜட்ஜ்.

யாருடைய கூட்டுத்தொகை பெரிதோ அவருக்கு ஜெயம். முதலில் கண்ணுக்காக இவர் உருட்டினார். பத்தொன்பது. நான்கு பகடைக்கு அது ரொம்பப் பெரிய எண். அடுத்து நான் உருட்டினேன். அன்றைக்கு மட்டும் சத்தியமாக ஒரு தில்லுமுல்லும் செய்யவில்லை. நான்கு பகடைகள் மேஜையிலேயே நின்றன. ஐந்தாவது விளிம்பில் விழுந்து மெஷினுக்கு அடியில் ஓடிவிட்டது. பிளம்பர் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னார். கூட்டினால் இருபத்தொன்று.

கண் உடைந்தது. ஜட்ஜ் பெட்டியிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கொடுக்க, இவரே அதைப் பேப்பரில் சுற்றி, தரையில் வைத்துச் செருப்புக் காலால் மிதித்தார். சுத்தியலின் வேலையும் முடிந்ததால் இவர் திரும்ப எனக்கே சொந்தம் என்று ஜட்ஜ் அறிவித்தார். நான் கைப்பையிலிருந்து புதுக் கண்ணாடியை எடுத்து அவர் முகத்தில் மாட்டினேன். முதலில் தங்கையைப் பார்த்தார். முடிக்கு எப்போது சாயம் அடித்தாய் என்று கேட்டார். அவள் அடித்து ஐந்து நாள் ஆகியிருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரு வாரமாக நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

திரும்பும்போது அவர்தான் ஸ்கூட்டரை ஓட்டினார். எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, டிப்போ ரோட்டில் சுற்றிக்கொண்டு போகலாம் என்றார். சின்னப் பிள்ளை மாதிரி போர்டுகளையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். குடோன் சுவர் நீளமாகப் போகும் இடத்தில் வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். பிறகு நிறுத்திக் காலை ஊன்றினார்.

"இங்க ஒரு ஸ்பீடு பிரேக்கர் போட்டிருந்தாங்களே. எடுத்துட்டாங்களா?"

நான் எட்டிப் பார்த்தேன். அந்த ரோட்டில் எந்தக் காலத்திலும் வேகத்தடை கிடையாது. இப்போது சுவரோரத்திலிருந்து பாதி ரோடு வரைக்கும் மணல் கொட்டியிருந்தது. நடுவில் அது கறுத்துப்போயிருந்தது.

"என்னைக்குப் பார்த்தீங்க?"

"வெள்ளிக்கிழமை. முதல் நடைக்கு வண்டியை எடுத்துட்டு வரும்போது. காலி வண்டி. கண்டக்டரும் ஸ்டாண்டுலதான் ஏறுவாரு. ஒரு தூக்கு தூக்கிப் போட்டுச்சு. புதுசா போட்டிருக்காங்கபோலன்னு..."

அவர் மணலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நேற்றும் இன்றும் அவருக்கு ஓய்வு. வெள்ளிக்கிழமை வண்டியை ஸ்டாண்டிலேயே அடுத்த டிரைவரிடம் கொடுத்துவிட்டதால், அதன்பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை.

கிளம்புங்கள், எங்கேயும் நிற்க வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று அவர் முதுகைத் தள்ளினேன். அவர் இறங்கி குடோன் கேட்டில் இருந்த வாட்ச்மேனிடம் போனார். வாட்ச்மேன் ரோட்டைக் கையால் காட்டி ஏதோ சொன்னான். இவர் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தார். ரோடு கூட்டுகிற அம்மாவாம். ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். இன்னும் நினைவு வரவில்லையாம். எந்த வண்டி என்று யாருக்கும் தெரியாதாம்.

"ஸ்டேஷனுக்குப் போகணும்" என்றார். "கண்ணாடி இல்லாம ஓட்டினேன்னு நான்தான் சொல்லணும்."

நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லையே, யாருக்கும் தெரியாதே, ஒரு நாள் பொறுங்கள், அந்த அம்மா கண் விழிக்கட்டும் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, ஸ்கூட்டர் சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

புதுக் கண்ணாடியை வீட்டுக்குப் போன பிறகு கொடுத்திருக்கலாமே, நானே ஓட்டியிருந்தால் இந்த வழியாக வந்திருக்கவே மாட்டோமே என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் கிடக்கிற பொம்பளையை நான் நினைக்கவில்லை. அது இப்போதும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அவர் மணலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு ரோட்டைக் கடந்து நடந்தார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன்.