நட்டு மட்டும் கழலவில்லை

பாறையில் துளை போடும் டிரில்லருக்குச் சுரங்கப்பாதையில் வேலை வாங்கிக் கொடுத்ததே மச்சான்தான், பெண்டாட்டியின் அண்ணன். அவனுக்கு எதிராக வாய் திறக்க வேண்டி வரும் என்று டிரில்லர் கனவிலும் நினைத்ததில்லை.

ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது, உதிர்ந்த கற்களுக்கு நடுவே ஒரு கம்பித் துண்டு காலை இடறியது. ஒரு கை நீளம் இருக்கும். கட்டரில் வெட்டிய முனை பளபளத்தது. அதைக் கையில் எடுத்ததுமே அவன் நிமிர்ந்து கூரையைப் பார்த்தான்.

அங்கே கூரைப் பாறை அடுக்கடுக்காக விரிசல் விட்டிருந்தது. துளை போட்டவன் அவன்தான்; அதில் கூரையைத் தாங்கும் கம்பியை ஏற்றுவது மச்சான் வேலை. விரிசலில் மெஷின் தடதடவென்று குதிக்கும். உள்ளே நல்ல பாறையைத் தொட்டதும் சத்தம் சீராகிவிடும். அந்த நல்ல பாறைக்குள் கம்பி போய்ச் சிமெண்டில் இறுகினால்தான் கீழே உடைந்து நிற்பது அதைப் பிடித்துக்கொண்டு தொங்கும். பாதியில் நின்றால், உடைந்ததை உடைந்ததோடு கட்டிய கதைதான்.

வெளிக் குழாயடியில் மச்சான் கை கழுவிக்கொண்டிருந்தான்.

“இது என்ன மச்சான்?”

“ஓட்டைக்குள்ள கல்லு உதிர்ந்து அடைச்சுக்கிச்சு மாப்ள. திரும்பத் துளைச்சா ஒரு ஷிப்டு போச்சு, மேல இருக்கறவன் என் தலைய உருட்டுவான். அதான் நுனிய வெட்டிட்டு ஏத்திட்டேன்.”

“இது ஒண்ணுதானா?”

“அந்த வரிசை பூராவும். ஜாக்கி போட்டு இழுத்துப் பாத்தாச்சு, அசையல. நட்டெல்லாம் டைட்டா இருக்கு. நீ வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு.”

அசையாதுதான். ஜாக்கி பிடிமானத்தைச் சொல்லும். கம்பி எதுவரை போயிருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? அடுத்த ஷிப்ட் ஆட்கள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஒருத்தனை ஒருத்தன் கேலி பேசியபடி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். சொன்னால் மச்சானுக்கு வேலை போய்விடும். வீட்டில் பெண்டாட்டி முகத்தில் எப்படி விழிப்பது? இந்தப் பாழாய்ப்போன துண்டு தன் கண்ணில் ஏன் பட்டுத் தொலைத்தது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அவன் நேராக இன்ஜினியர் அறைக்குப் போனான்.

ஆட்களை வெளியே கூப்பிட்டுப் பாதையை அடைத்தார்கள். மச்சானை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

“எங்கண்ணன் வயித்துல அடிச்சிட்டீங்களே,” என்றாள் பெண்டாட்டி. அதற்கப்புறம் அவனோடு பேசவே இல்லை.

புதுக் கம்பி போட ஆள் ஏறுவதற்குள் கூரை இறங்கிவிட்டது. நல்லவேளை, அடியில் ஒருவரும் இல்லை.

கேள்விப்பட்டு மச்சான் ஓடிவந்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. ஒரே பாளமாகப் பாறை புரண்டு சுவரில் சாய்ந்து கிடந்தது. அவன் ஏற்றிய கம்பிகள் தகடும் நட்டுமாக, ஒன்றுகூடக் கழலாமல், அதோடு சேர்ந்தே வந்திருந்தன. அவன் அப்படியே உட்கார்ந்து ஒரு நட்டைப் பிடித்துத் திருகிப் பார்த்தான். அடுத்ததையும் திருகினான். டிரில்லர் பக்கத்தில் போய்த் தோளில் கை வைத்தபோது அவன் அழுதுகொண்டிருந்தான்.

“இன்னும் டைட்டாதான் இருக்கு மாப்ள,” என்றான்.