புகார்ப் புத்தகத்தில் ஒரு வரி

மனைவி மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கத்தான் அவர் அந்த அகராதி அலுவலகத்துக்குப் போனார். கொடுத்த கையோடு திரும்பியிருக்கலாம். மேசையில் கிடந்த பக்கத்தை எதற்குப் படிக்க வேண்டும்? படித்தார். அங்கேதான் வந்தது வினை.

பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கில–தமிழ் அகராதி அது. மனைவி ஆறு வருஷமாக அதில் மண்டையை உடைத்துக்கொள்கிறாள். அன்றைய சொல் ‘ஸெல்’. முதல் அர்த்தம் விற்பது: பழைய சைக்கிளை விற்றான். சரி, போகட்டும். இரண்டாவது, தலையில் கட்டுவது: ஓடாத கடிகாரத்தை என் தலையில் கட்டிவிட்டான். மூன்றாவது, காட்டிக்கொடுப்பது: கூட்டாளியையே விற்றுவிட்டான். அடுத்தது, விலைபோவது: பதவிக்காகத் தன்னையே விற்றான். கடைசியாக, பேசி நம்பவைப்பது: ஒப்பேறாத திட்டத்துக்கு ஊரையே தலையாட்ட வைத்தான்.

அவரோ பத்தொன்பது வருஷமாகச் செருப்புக் கடையில் விற்பனையாளர். கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

“ஏம்மா, இத்தனை பேர்ல ஒருத்தன்கூட ஒழுங்கா வித்தவன் கிடையாதா?”

“நானா எழுதி வைக்க முடியாதுங்க. இங்க போடற ஒவ்வொரு வாக்கியமும் யாராவது நிஜமாவே எழுதினதா இருக்கணும். எங்க, எப்பன்னு சீட்டு வைக்கணும். கிடைச்ச சீட்டு இவ்வளவுதான்” என்றாள் அவள்.

வேறொருவர் என்றால் விட்டிருப்பார். இவரால் முடியவில்லை. ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளின் பைக்குள்ளும் நாளைக்கு இந்தப் புத்தகம்தான் போகப்போகிறது. போன மாதம் பள்ளிப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் அவள் ‘தனியார் நிறுவனம்’ என்று எழுதியிருந்தாள். பார்த்தும் பார்க்காததுபோல் கையெழுத்துப் போட்டார். ஷூவுக்குள் போன சின்னக் கல் மாதிரி அது அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

நேராக அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியர் அறைக்குப் போய் நின்றார். சீட்டுப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு அந்தப் பக்கம் அச்சுக்குப் போயிடும். அதுக்குள்ள ஒரு வாக்கியம் கொண்டு வாங்க, போடறேன். ஆங்கிலத்துல எழுதினதா இருக்கணும். நீங்க எழுதினது ஆகாது. கெஞ்சி எழுதி வாங்கினதும் ஆகாது.”

அதென்ன பிரமாதம் என்றுதான் நினைத்தார். அவரிடம் ஷூ வாங்கிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இரண்டு காலையும் அளப்பார். எல்லோருக்கும் ஒரு கால் கொஞ்சம் பெரிது, அந்தக் காலுக்குத்தான் ஷூ. அப்புறம் கம்பளத்தைச் சுருட்டிவிட்டு வெறும் தரையில் வாசல்வரை நடக்கச் சொல்வார். கம்பளத்தில் நடந்தால் எந்த ஷூவும் சுகமாகத்தான் இருக்கும் என்பது அவர் கட்சி. மூன்று நாளில் எத்தனையோ பேர் வாயாரப் புகழ்ந்தார்கள். ஒருவராவது பேனாவைத் தொட வேண்டுமே. ஊஹும்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். கடையிலேயே விலை கூடின பழுப்பு ஜோடிதான் வேண்டும் என்றார். அது அரை அளவு சின்னது. பெரியது கையிருப்பில் இல்லை. தரையில் நடக்கவிட்டதுமே இவருக்குத் தெரிந்துவிட்டது, விரல்கள் உள்ளே மடங்குகின்றன.

“வேண்டாம் சார். பத்து நாள்ல நகம் கறுத்துடும்.”

“என் கால், என் காசு. உனக்கென்னப்பா?”

“உங்க கால்தான் சார். அதனாலதான் சொல்றேன். இதை நான் தர மாட்டேன். வேற காட்டறேன், பாருங்க.”

வந்தவர் வேறெதையும் பார்க்கவில்லை. புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, விறுவிறுவென்று ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டு வெளியேறினார்.

வாராவாரம் வெள்ளிக்கிழமை கடை மூடும் நேரத்தில் முதலாளியம்மா அந்தப் புத்தகத்தைப் படிப்பார். போன வருஷம் ஒரு புகாரோடு ஒருவர் வேலை போயிருக்கிறது. என்னதான் எழுதித் தொலைத்திருக்கிறார் என்று எடுத்துப் பார்த்தார். இரண்டாவது வரியில் கண் நின்றுவிட்டது. ‘உங்கள் விற்பனையாளர், அளவு சேராத ஷூவை எனக்கு விற்க மறுத்துவிட்டார்.’

மணி நாலேகால். புத்தகம் கடையைவிட்டு வெளியே போக வேண்டுமானால் முதலாளியம்மாவிடம் கேட்டாக வேண்டும். கேட்டால் அவர் இப்போதே படித்துவிடுவார். ஒரு நிமிஷம் நின்றார். பிறகு ஆனது ஆகட்டும் என்று திறந்த பக்கத்தோடு அவர் முன் போய் வைத்தார்.

முதலாளியம்மா இரண்டு தடவை படித்தார்.

“வேற ஜோடி காட்டினீங்களா?”

“காட்டறேன்னேன்மா. பாக்கவே இல்லை.”

“நிஜமாவே சின்னதா?”

“அரை அளவும்மா.”

“அப்ப என்ன, நானா இருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன். இதை எங்க எடுத்துட்டுப் போறீங்க?” விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பக்கத்தைக் கிழிக்காதீங்க. புத்தகத்தோட போய்ட்டு வாங்க.”

அலுவலகத்தை அடைந்தபோது ஐந்தாக எட்டு நிமிஷம். பெரியவர் வாக்கியத்தைப் படித்தார், தேதியைப் பார்த்தார், கண்ணாடிக்கு மேலாக இவரைப் பார்த்தார்.

“நீங்க சொல்லி எழுதினதில்லையே?”

“என்மேல புகார் எழுதுங்கன்னு நானே கேப்பேனா சார்?”

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து, பின்னாலேயே வந்து நின்ற மனைவியிடம் நீட்டினார். “எழுதும்மா. முதல் அர்த்தத்துக்குக் கீழ போடு. சைக்கிளைத் தூக்கிடு.” அவள் குனிந்து எழுதினாள். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து அவருக்கு மார்பு விம்மியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் வேலை அவள் கையெழுத்தில் ஏறுவதை அவர் பார்த்ததில்லை.

அடுத்த வருஷம் அகராதி வந்தது. பள்ளி திறந்ததும் மகள் புதுப் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘செருப்பு விற்பவர்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். கட்டத்தில் மிச்சமிருந்த இடத்தில் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: ‘அகராதி, பக்கம் அறுநூற்றுப் பன்னிரண்டு பார்க்கவும்.’