கரும்பச்சைக் கோட்டு, இடது பை தைத்தது

அண்ணன் வீட்டைவிட்டுப் போய் இருபது நாளும் நான்கு மணி நேரமும் ஆகியிருந்தபோது, ஆஸ்பத்திரிப் பிணவறைக் காவலர் மூன்றாவது முறையாக என்னைக் கூப்பிட்டார்.

“இருபது நாள்தாம்மா வைப்போம். நாளைக்குக் காலைல பதினோரு மணிக்கு எடுத்துடுவாங்க. யாராவது ஒருத்தர் வந்து பாத்துட்டு, இல்லைன்னாவது சொல்லிட்டுப் போங்க.”

காணவில்லை அறிவிப்பில் என் எண்ணைத்தான் போட்டிருந்தோம். வீட்டில் எப்போதும் சார்ஜ் இருக்கிற செல்போன் என்னுடையதுதான். அம்மாவும் அண்ணியும் வீட்டில் இல்லை. எட்டு நாளாகப் பகலெல்லாம் பேருந்து நிலையத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணனை அங்கே பார்த்ததாக ஒரு பெண் சொல்லியிருந்தாள். அவன் உயிரோடு இருக்கிறான் என்று அவர்கள் இருவரும் நம்பினார்கள். என்னால் நம்ப முடியவில்லை. காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நானும் அண்ணியும் பழைய துணிகளை ஆன்லைனில் விற்கிறோம். மூட்டையாக வாங்கி வருவது, துவைப்பது, துணியில் உருளும் நூல் பந்துகளைச் சுரண்டி எடுப்பது எல்லாம் அண்ணி வேலை. பொத்தான் தைப்பதும் படம் எடுப்பதும் தலைப்பு எழுதுவதும் என் வேலை. தாவரவியல் படித்துவிட்டு இதையா செய்கிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை. இரண்டும் எனக்கு ஒன்றுதான். உலர்ந்த செடியைத் தாளில் ஒட்டி, அதை நேரில் பார்க்காதவருக்கும் அடையாளம் தெரியும்படி நாலு வரி எழுதுவதை மூன்று வருடம் செய்திருக்கிறேன்.

தொடக்கத்தில் அண்ணிதான் தலைப்பும் எழுதினார். ‘ரொம்ப அருமையான சட்டை, போட்டா ராஜா மாதிரி இருக்கும்.’ மூன்று மாதம் அதை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ‘அருமையான’ என்று யாரும் தேடமாட்டார்கள் என்று நான் சொன்னதற்கு, “பின்ன, அசிங்கமானதுன்னு போட்டா தேடுவாங்களாக்கும்?” என்றார். தேடுகிறவர் விரல் எந்தச் சொல்லைத் தட்டுமோ அந்தச் சொல்லை எழுத வேண்டும் என்று விளக்கினேன். எண்பது எழுத்துக்குத்தான் இடம். செல்போனில் முதல் நாற்பதுதான் தெரியும். ஆகவே கம்பெனி பெயர், என்ன உடை, யாருக்கு, என்ன அளவு, என்ன நிறம் என்பதெல்லாம் முன்னால் வர வேண்டும். வெறும் பச்சை போதாது, பாசிப்பச்சையா கரும்பச்சையா என்று சொல்ல வேண்டும். கிழிசலோ கறையோ இருந்தால் அதையும் தலைப்பிலேயே போட்டுவிட வேண்டும். குறையை மறைத்து விற்றால் துணி திரும்பி வரும். அப்படித் திரும்பி வருவது நம்முடையதுதானா என்று தெரிந்துகொள்ள, விற்கிற ஒவ்வொரு துணியிலும் கழுத்துப் பட்டைக்குப் பின்னால் அழியாத மையில் ஒரு வரிசை எண் எழுதுவேன்.

அண்ணனின் கோட்டு கூடத்துக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. பகலில் கதவு திறந்தே கிடக்கும் என்பதால் ஆணி யார் கண்ணிலும் படாது. கரும்பச்சை மெழுகுத்துணி, ஒரு சொட்டு மழை உள்ளே இறங்காது. கிடங்கில் வேலை பார்த்தபோது விடியற்காலைப் பணிக்கு அதைப் போட்டுக்கொண்டு போவான். கிடங்கை மூடி ஏழு மாதம் ஆகியிருந்தது. ஏழு மாதமாகக் கோட்டு இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவனும் அநேகமாக அப்படித்தான் இருந்தான்.

ஒரு நாள் தூசி தட்ட எடுத்தபோது உள்ளே இருந்த கம்பெனிப் பட்டையைப் பார்த்தேன். அந்தப் பெயரைத் தினமும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் பணமுடை இல்லாமல் இல்லை, ஆனால் அதற்காக விற்றேன் என்று சொன்னால் அது பொய். கைக்கு ஒரு நல்ல தலைப்பு கிடைத்திருந்தது. எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் எழுதியதிலேயே சிறந்த தலைப்பு அது. நாற்பது நிமிடத்தில் விற்றுப்போனது. வாங்கியவர் உள்ளூர்தான். ஐந்து நட்சத்திரம் போட்டு, ‘சொன்னது சொன்னபடி இருக்கு’ என்று எழுதியிருந்தார். அண்ணனிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

கோட்டை விற்ற ஒன்பதாவது நாள் விடியற்காலையில் மழை பெய்துகொண்டிருந்தது. அம்மாவும் அண்ணியும் உள்ளறையில் தூங்கினார்கள். அண்ணன் இருட்டில் ஆணியைத் தடவிக்கொண்டு நின்றான். நகருக்கு வெளியே ஏதோ ஆலையில் ஆள் எடுக்கிறார்களாம், கோட்டைப் பார்த்தாயா என்று என்னிடம் கேட்டான். போர்வைக்குள் இருந்தபடியே, அண்ணி துவைக்கப் போட்டிருப்பாங்க என்றேன். சரி, நீ தூங்கு என்றான். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான்.

மறுநாள் காவல் நிலையத்தில், என்ன உடுத்தியிருந்தார் என்று எழுத்தர் கேட்டார். பச்சைக் கோட்டு என்று அம்மா உடனே சொன்னாள். ஆணி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அதற்குள்ளே என்ன சட்டை என்று கேட்டபோது, கோட்டுக்குள்ள என்ன போட்டிருந்தான்னு யாருக்குங்க தெரியும் என்றாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் எழுத்தர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். படித்த பெண்தானே, அறிவிப்பை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

எழுதினேன். வயது, உயரம், மாநிறம். பிறகு கை தானாக ஓடியது. ‘கரும்பச்சை மெழுகுத்துணிக் கோட்டு, ஆண்கள், பெரிய அளவு, இடது பை பழுப்பு நூலால் தைத்தது.’ ஒரு மாதத்துக்குள் இரண்டாவது முறையாக அதே வரி. எழுத்தர் படித்துப் பார்த்துவிட்டு, இப்படி எழுதினால் குருடன்கூடக் கண்டுபிடித்துவிடுவான் என்றார். அண்ணி அழுகைக்கு நடுவிலும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

இரண்டு நாளில் வந்துவிடுவான், வந்தால் கோட்டு பற்றி அவனிடமே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

அண்ணன் போன பன்னிரண்டாவது நாள் அந்தத் தலைப்பு மறுபடியும் வேலை செய்தது. பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் பெண் கூப்பிட்டாள். அதே கோட்டு, அதே பழுப்பு நூல், நாலாவது நடைமேடை, முகத்தைப் பார்ப்பதற்குள் கூட்டத்தோடு ஏறிவிட்டார் என்றாள். அம்மா என் கையிலிருந்து செல்போனைப் பிடுங்கிக்கொண்டாள். எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அன்றுதான் அவள் உட்கார்ந்து ஒரு தட்டு சோறு முழுதாகச் சாப்பிட்டாள். ஊர் சுத்திட்டு வரட்டும், வந்ததும் காலை ஒடிக்கிறேன் என்று சிரித்தாள். அந்தச் சோற்றில் நான் எப்படி மண்ணைப் போடுவது?

பதினாலாவது நாள் பிணவறைக் காவலர் முதல் முறை அழைத்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தாராம். வயதும் உயரமும் ஒத்துப்போகிற ஓர் உடல் இருக்கிறது, ஆனால் கோட்டு இல்லை என்றார். அம்மாவிடம் சொன்னேன். கோட்டு இல்லையென்றால் அது வேறு யாரோ பெற்ற பிள்ளை, பாவம் என்றாள். பதினேழாவது நாளும் அதே கேள்வி, அதே பதில்.

இப்போது மூன்றாவது முறை. நாளைக்குப் பதினோரு மணி.

உடையைப் பற்றி ஏதாவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பதிவேட்டைப் பார்த்து, “நீலச் சட்டை, கறுப்பு பேன்ட்” என்று படித்தார். இப்படி ஒரு தலைப்பைப் போட்டால் எதுவுமே விற்காது. துணிகளைத் தனிப் பையில் கட்டி வைத்திருப்பதாகச் சொன்னார். எடுத்துப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். வாங்குகிறவர்கள் என்னிடம் கேட்பதையெல்லாம் அவரிடம் கேட்டேன். வெறும் நீலமா, கோடு போட்டதா? முழுக்கையா, அரைக்கையா? சட்டைப் பை ஒன்றா, இரண்டா?

“துணிக்கடையில கேக்கற மாதிரி கேக்கறீங்களேம்மா” என்றார். ஆனாலும் பொறுமையாகச் சொன்னார். வெள்ளையில் மெல்லிய நீலக் கோடு. அரைக்கை. ஒரு பை. பொத்தான்கள் வெள்ளை.

“எல்லாமே வெள்ளையா?”

பிளாஸ்டிக் பை சரசரத்தது. அவர் எண்ணுவது கேட்டது.

“மூணாவது மட்டும் பழுப்பு. நாலு ஓட்டை.”

அதைத் தைத்தது நான். டப்பாவில் வெள்ளைப் பொத்தான் தீர்ந்துபோயிருந்தது. அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, பல் வரிசைக்கு நடுவுல தங்கப் பல்லு கட்டின மாதிரி இருக்குடி என்றான். அவிழ்க்கவா என்றேன். வேண்டாம், வசதியானவன்னு நினைச்சுக்கட்டும் என்றான்.

அடிபட்டிருந்ததா என்று கேட்டேன்.

“காயம் ஒண்ணும் இல்லம்மா. வாய்க்கால் ஓரமா கிடந்திருக்காரு. ராத்திரி பூரா மழை, குளிர்ல விறைச்சுப் போயிட்டாரு. மேல போத்திக்க ஒண்ணும் இல்ல.”

கதவைப் பூட்டிவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். வழி முழுவதும் எப்படித் தொடங்குவது என்று வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன். எதுவும் சரியாக வரவில்லை.

நாலாவது நடைமேடையில் அம்மா சிமெண்ட் பெஞ்சில் அறிவிப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடித்து மடித்து அதன் நடுவில் கிழிசல் விழுந்திருந்தது. அண்ணி என்னைப் பார்த்ததும், “அமுக்குணி, கேஸ் சிலிண்டர மூடினியா?” என்று கேட்டார். நான் அதிகம் பேசாததால் அவர் வைத்த பெயர். மூடினேன் என்றேன். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். பேருந்துகள் வந்தன, போயின. ஒவ்வொரு முறையும் அம்மா எழுந்து நின்று இறங்குகிறவர்களைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். இந்தப் பேருந்து போனதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்ததற்கும் அதையே நினைத்தேன்.

நாலு மணிப் பேருந்தில் அந்தக் கோட்டு வந்து இறங்கியது.

முதுகுதான் தெரிந்தது. அம்மா ஓடின வேகத்தில் ஒரு செருப்பு பெஞ்சடியிலேயே கிடந்தது. கோட்டின் கையைப் பிடித்து இழுத்தாள். திரும்பியவருக்கு அறுபது வயது இருக்கும். நரைத்த தாடி, கையில் ரொட்டிப் பொட்டலம். அம்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கோட்டின் மார்பை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்தாள்.

“என் பையன எங்க? அவன என்ன பண்ண?”

“விடுங்கம்மா. எந்தப் பையன்? இது நான் காசு குடுத்து வாங்கினது.”

“யார்கிட்ட வாங்கின?”

“ஆளத் தெரியாதும்மா. ஆன்லைன்ல வாங்கினது.”

ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். திருடினவன் வேறென்ன சொல்வான் என்றார் ஓர் ஓட்டுநர். அறிவிப்பு கைமாறிப் போனது. ஒருவர் இடது பையைப் புரட்டிப் பார்த்து, பழுப்பு நூல் இருக்கு, அதேதான் என்றார். யாரோ பெரியவரின் பிடரியில் அடித்தார்கள். ரொட்டி கீழே விழுந்தது. அவர் திருப்பி அடிக்கவில்லை. செல்போனை எடுக்கத்தான் பையைத் தடவினார். அதற்கும் விடாமல் இரண்டு பேர் கையை முறுக்கினார்கள். கூப்பிடுறா போலீஸ என்று ஒருவர் சொன்னார்.

அண்ணி கூட்டத்துக்குள் நுழைந்து பெரியவரின் கோட்டுக் கழுத்துப் பட்டையை மடக்கிப் பார்த்தார். கணவனின் வாசம் இருக்கிறதா என்று பார்க்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கை பழக்கத்தில் பட்டையைப் பின்பக்கம் திருப்பியது. அங்கே எண் இருந்தது. என் கையெழுத்து அவருக்குத் தெரியும். பட்டையைப் பிடித்தபடியே கூட்டத்தில் என்னைத் தேடினார்.

நான் அவ்வளவு பேர் முன்னால் பேசியதே இல்லை. அம்மாவின் விரல்களைக் கோட்டிலிருந்து ஒவ்வொன்றாக விலக்கினேன்.

“அவர விடும்மா. கோட்ட வித்தது நான். அண்ணன் போறதுக்கு ஒம்பது நாள் முன்னாடியே வித்துட்டேன். கேட்டப்பவும் சொல்லல. அன்னிக்கு அவன் கோட்டு போடல, நீலக் கோடு போட்ட அரைக்கைச் சட்டைதான் போட்டிருந்தான், மூணாவது பொத்தான் பழுப்பு. ஆஸ்பத்திரியில இருக்கறது அண்ணன்தாம்மா.”