கொடியில் நனையாத சட்டை

சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் ஈரச்சாக்கு. வைத்தவர் இஸ்திரிக்காரர். மற்றவர்கள் விரித்துப்போட்ட படுக்கை விரிப்புகள் மத்தியானத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். இவள் கை பட்டது மட்டும் சாயங்காலம் வரை சொதசொதவென்று தொங்கும். அதே கொடி, அதே வெயில். பத்து வருடமாக இந்த அநியாயம் நடந்தது. கடைசியில் மேஸ்திரி, “நீ கொடிப்பக்கம் தலைவைச்சும் படுக்காதே, தொட்டியோட நில்லு” என்று சொல்லிவிட்டார்.

“உங்கப்பா யாருன்னு கேட்டா முழிக்கிறியே, ஒழுகுற குழாய் ஏதாவதா இருக்கும், விசாரிச்சுப் பாரு” என்பார் இஸ்திரிக்காரர். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். சிரிக்காவிட்டால் இன்னும் நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள். தகப்பன் பெயர் தெரியாத பெண்ணைக் கண்டால் மட்டும் மனிதர்களுக்கு நாக்கு எப்படித்தான் இப்படி நீளுமோ தெரியவில்லை.

அப்பா யார் என்று அம்மாவிடம் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. “அவர் வரும்போது தெரிஞ்சுக்கோ. இப்ப சொன்னா எனக்குப் பைத்தியம்னு நீயே சொல்லுவே” என்று அம்மா வாயை மூடிக்கொள்வாள். அப்பாவின் அடையாளம் என்று அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. அது மொட்டைமாடிக் கொடியில் எந்நேரமும் தொங்க வேண்டும். மழை வந்தால் எடுக்கவே கூடாது. அம்மா போட்ட சட்டம் அது.

மகளுக்குப் பதினொரு வயதானபோது அம்மா ஈரத்துணி மூட்டையோடு மாடிப்படியில் உருண்டு இடுப்பை முறித்துக்கொண்டாள். அதற்கப்புறம் கட்டிலோடு சரி. நாலு மாடி ஏறி இறங்குவது மகளின் வேலையாயிற்று.

அம்மா சொன்னபடி செய்தாளா என்றால், இல்லை. ஊரார் துணியைத் துவைத்துப் பிழைத்த வீடு அது. காய்ந்த துணியை மழையில் விடுவது அங்கே சாப்பாட்டைத் தெருவில் கொட்டுவதற்குச் சமம். வானம் கறுத்ததும் அவள் கால் தானாக ஓடும். முதல் துளி விழுமுன் சட்டையை எடுத்துப் படிக்கட்டு ஓரத்து ஆணியில் மாட்டிவிடுவாள். மழை விட்டதும் பழையபடி கொடியில் போடுவாள். அவள் கையில் காய்ந்தே இருந்த துணி உலகத்தில் அது ஒன்றுதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மழை பெய்யும்போதெல்லாம் அம்மா கட்டிலில் இருந்தபடி கேட்பாள்.

“சட்டை கொடியிலதானே இருக்கு?”

“இருக்கும்மா.”

“யாராவது வந்தாங்களா?”

“மழையில மாடிக்கு யாரும்மா வருவாங்க? யாரும் வரல.”

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பதினேழு வருடம் இப்படியே போயிற்று. போன மாதம், மழை பெய்த ஒரு காலையில், அதே கேள்வியைக் கேட்டு அதே பதிலை வாங்கிக்கொண்டு அம்மா போய்ச்சேர்ந்தாள்.

துக்கம் முடிந்து வேலைக்கு வந்தவளைப் பார்த்து இஸ்திரிக்காரர், “அழுது அழுது சாக்கு இன்னும் ஊறிப்போச்சு” என்றார். அன்று அவளால் சிரிக்க முடியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மொட்டைமாடிக்கு ஏறினாள். மேலே வானம் இருண்டு கிடந்தது. பழக்கதோஷம், கை கிளிப்புக்குப் போயிற்று. ‘ஒரு தடவையாவது அம்மா பேச்சைக் கேட்போம்’ என்று கையை இழுத்துக்கொண்டாள். மழை இறங்கியது. சட்டை தொப்பலாக நனைந்தது. காய்ந்த துணி கண்முன்னால் நனைய நனைய, அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் சட்டையின் கைகள் நிரம்பின. தோள் எழுந்தது. கழுத்துப்பட்டிக்கு மேலே நீராலேயே ஒரு முகம் திரண்டது. அந்த முகத்தில் இருந்தது அவளுடைய மூக்கு. கிளிப்புகள் தெறித்து விழ, கொடியிலிருந்து ஓர் ஆள் இறங்கி நின்றார்.

“யார் நீங்க?”

“சட்டைக்குச் சொந்தக்காரன். உங்கப்பன். என்னை மழைத் தெய்வம்னு கும்பிடுவாங்க.”

பத்து வருடக் கேலிக்கு ஒரே நொடியில் காரணம் கிடைத்துவிட்டது. அவள் கையில் துணி எப்படிக் காயும்? ஓடிப்போய் இஸ்திரிக்காரரின் சட்டையைப் பிடித்து உலுக்கிச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

“எனக்குன்னு உடம்பு கிடையாது” என்றார் அவர். “நனைஞ்ச இந்தச் சட்டைதான் உடம்பு. கூரைக்குக் கீழ வரவும் முடியாது. உலகத்தைச் சுத்திட்டுப் பன்னெண்டு வருஷத்துல வரேன்னு உங்கம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். வந்து பாத்தா கொடி வெறுமையா இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொரு மழைக்கும் வந்தேன். சட்டையே இல்ல. வராதேங்கிறா, அவ்வளவு கோபம்னு நினைச்சுக்கிட்டேன். இன்னிக்காவது மனசு இறங்கினாளே. கூப்பிடும்மா அவளை.”

‘ஆமாம், கோபம்தான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இப்போதுதான் கிடைத்த அப்பா கையைவிட்டுப் போகமாட்டார். அவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது.

“அம்மா இல்ல. போன மாசம் போயிட்டாங்க” என்றாள். “கோபமெல்லாம் இல்ல. சட்டையை நான்தான் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும். நனையக்கூடாதுன்னு.”

“அவ கேக்கலையா?”

“கேட்டாங்க. யாராவது வந்தாங்களான்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“யாரும் வரலைன்னு சொன்னேன்.”

தலையில் இடி விழட்டும் என்றுதான் அவள் காத்திருந்தாள். விழவில்லை. அவர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். சட்டையின் முன்பக்கத்தைக் கையால் நீவிவிட்டுக்கொண்டார். பிறகு, “துணியைக் காப்பாத்தத்தானே செஞ்சே. உன்னைச் சொல்லி என்ன” என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

மழை குறையத் தொடங்கியது. சட்டையின் ஒரு கை தளர்ந்து தொங்கியது.

“எனக்கு நேரமில்ல” என்றார் அவர். “அவளோடது ஏதாவது ஒண்ணு எடுத்துட்டு வா. போர்வை, தலையணை உறை, எதுவானாலும் சரி. அவ வாசனை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. ஒரே ஒரு தடவை மோந்து பாத்துட்டுப் போயிடறேன்.”

அவள் படிக்கட்டுக்கு ஓடினாள். இரண்டு படி இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அம்மா போன மறுநாள் என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்த ஒரே வேலையைத்தான் அவள் செய்திருந்தாள். போர்வை, உறை, மாற்றுத்துணி, தலை துவட்டும் துண்டு வரை எல்லாவற்றையும் சலவைச் சோடாவில் ஊறவைத்து, அடித்துத் துவைத்து, மூன்று தண்ணீர் அலசியிருந்தாள். பின்னே, தொழிலில் அவளைக் குறை சொல்ல முடியுமா?

திரும்பி மேலே வந்து, வெறுங்கையோடு அவர் முன்னால் நின்றாள்.

“எல்லாத்தையும் துவைச்சுட்டேன், அப்பா.”