கனவான்களுக்கு வலிப்பதில்லை

டாக்டர் இரண்டாம் தடவையாக வயிற்றை அமுக்கியபோது இராஜரத்தினத்தின் வலது முழங்கால் தானாக மடங்கி மேலே எழும்பியது. அவர் அதைக் கையால் பிடித்து அமுக்கி மறுபடி நேராக நீட்டி வைத்தார். அனுமதி இல்லாமல் எழுந்து நின்ற சின்னக் கிளார்க்கை உட்கார வைப்பது போல இருந்தது.

“பெயின்?” என்று கேட்டார் வெள்ளைக்கார டாக்டர்.

“நோ, டாக்டர். டிஸ்கம்ஃபர்ட்.”

அப்பாவின் சப்பாத்துகளைக் கையில் வைத்துக்கொண்டு மனோரஞ்சிதம் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். பெயின் என்றால் வலி. ஏக் என்றால் விட்டுப் போகாமல் நோகிற நோவு. டிஸ்கம்ஃபர்ட் என்றால், விருந்தில் கோட்டுப் பொத்தான் இறுகும்போது பெரிய மனிதர்களுக்கு வருவது. சின்ன வயதிலேயே சாப்பாட்டு மேசையில் அவளுக்கு இதை அவர் சொல்லிக் கொடுத்திருந்தார். “கூலிக்காரனுக்குத்தான் பிள்ளை பெயின். கனவானுக்கு டிஸ்கம்ஃபர்ட்.”

அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமைக் கிளார்க்காக இருந்தவர் இராஜரத்தினம். துரைமார் கையெழுத்துப் போட்ட கடிதங்களையெல்லாம் வாழ்நாள் முழுவதும் எழுதியவர். பென்ஷன் வந்தபோது துரைமார் அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். சொற்களை அவரே வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். ரேஸ்கோர்ஸ் ரோட்டில் மாடி வீடு. ஒவ்வொரு இரவும் சோறு போட்டதும் ஒரே பொருள் தருகிற இரண்டு இங்கிலீஷ் சொற்களை மேசையில் வைப்பார். வித்தியாசம் சொல்ல வேண்டும். சரியான பதில் வரும்வரை குழம்புச் சட்டி அவர் கை அருகிலேயே இருக்கும். மனோரஞ்சிதத்தின் அம்மா சாகும்வரை இங்கிலீஷ் கற்றுக்கொள்ளவில்லை. வெறுஞ்சோறு சாப்பிடக் கற்றுக்கொண்டாள்.

அவளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் இதே பரீட்சைதான். வீட்டைக் குறிக்கும் இரண்டு சொற்களும் ஒன்றே என்று சொன்ன பள்ளிக்கூட வாத்தியார் முதல் கேள்வியிலேயே போனார். ஆசைக்கும் விருப்பத்துக்கும் நடுவில் அகப்பட்டுத் திணறிய தபாலாபீஸ் கிளார்க், கொடுத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் படியிறங்கினார். மனோரஞ்சிதத்துக்கு முப்பத்தொன்று முடிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து, ஜேசுதாசன் வந்தார். கப்பல் கம்பெனியில் வேலை, தலையில் மெல்ல வழுக்கை. தனியாக இருப்பதற்கும் தனிமையாக இருப்பதற்கும் இங்கிலீஷில் உள்ள சொற்களை வைத்து அப்பா வித்தியாசம் கேட்டார். ஜேசுதாசன் கொஞ்சம் யோசித்தார்.

“தெரியாது ஐயா,” என்று சொல்லிவிட்டு இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார்.

அந்த வீட்டில் அந்தச் சொல்லை இவ்வளவு நிம்மதியாக அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற மனோரஞ்சிதம் கையிலிருந்த தட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு மறுபரீட்சை என்று அப்பா சொல்லியனுப்பினார்.

இன்று வியாழக்கிழமை. சற்று முன்னால், டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது, வயிற்றைப் பிடித்துக் குனிந்திருந்த அப்பா நிமிராமலே சொன்னார்:

“உவர் ஜேசுதாசன் வரட்டும். மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டுப்போட்டு டிக்ளைன் பண்ணுவன். ரெஃப்யூஸ் பண்ணமாட்டன். ரெஃப்யூஸ் எண்டால் முகத்தில அடிக்கிறது. டிக்ளைன் எண்டால் தொப்பியைக் கழட்டிப்போட்டு அடிக்கிறது. விளங்குதே?”

“ஏன் அப்பா? அவர் நல்ல மனுசன்தானே.”

“நீ போனால் எனக்கு ஆர் சமைக்கிறது? நான் இருக்குமட்டும் அந்தக் கதை வேண்டாம். நான் போனாப் பிறகு உன்ரை விருப்பம்.” மூச்சை இழுத்துக்கொண்டார். “விருப்பம் எண்டுதான் சொன்னனான். ஆசை எண்டு சொல்லேல்லை.”

இப்போது டாக்டர் மறுபடி வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. பலகை போல இறுகியிருக்கிறதே என்றார். வலி கடுமையாக இருக்கிறதா என்று திரும்பக் கேட்டார்.

“கடுமை என்று சொல்லமாட்டேன் டாக்டர்,” என்றார் இராஜரத்தினம், அழகான இங்கிலீஷில். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. “குறிப்பிடத்தக்க என்று வேண்டுமானால் சொல்லலாம். இல்லை, அதுவும் அதிகம். ஓரளவு. ஓரளவு டிஸ்கம்ஃபர்ட்.”

டாக்டர் கிழவரை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார். “மிஸ், இரவு தூங்கினாரா?”

இரவு முழுவதும் அப்பா தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தார். விடிந்ததும் கீழ்வீட்டில் மாவு அரைத்து விற்கிற பூவம்மா படியேறி வந்து, “என்னா தங்கச்சி, ராத்திரி பூரா ஐயா அப்படி முனகுனாரு? கன்னு போடுற மாடுகூட அப்படிக் கத்தாதுலா,” என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள். தலையணை உறையில் பல் பதிந்த இடத்தில் கிழிசல் இருந்தது.

மனோரஞ்சிதம் சப்பாத்துகளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

“தூங்கினார் டாக்டர்,” என்றாள் இங்கிலீஷில். “ஜஸ்ட் சம் டிஸ்கம்ஃபர்ட்.”

டாக்டருக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். சுண்ணாம்பு கரைத்தது போன்ற மருந்து ஒரு போத்தல் கொடுத்து, திங்கட்கிழமை வரச் சொன்னார்.

டாக்சியில் அப்பா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். புக்கிட் தீமா ரோட்டில் வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியபோது அவர் உதட்டில் ரத்தம் தெரிந்தது. கடித்துக்கொண்டிருக்கிறார். பிறகு கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார்.

“சரியான சொல்லுச் சொன்னாய், பிள்ளை. வெரி குட்.”

பிறந்ததிலிருந்து அவரிடம் அவள் வாங்கிய முதல் பாராட்டு அது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மத்தியானம் அவர் சோறு கேட்கவில்லை. சொல்லும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தார். இடையில் இரண்டு தரம் அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு படி வரை போனாள். மூலைக் கடையில் டெலிபோன் இருக்கிறது. இரண்டு தரமும் திரும்பி வந்து சுண்ணாம்பு மருந்தை ஊற்றிக் கொடுத்தாள். கீழே மாவு மில் சத்தம் ஓயும் நேரத்தில் அவர் அவளுடைய பாவாடையைப் பிடித்து இழுத்தார்.

“அம்மா, நோகுது,” என்றார். “நோகுது அம்மா.”

யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்ததாக அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தமிழ், அவருக்கு முன்னாலேயே வந்து வாசலில் காத்திருந்தது போலும். கொஞ்ச நேரம் அதையே சொன்னார். பிறகு சொல்லவில்லை. அவள் அவருடைய விரல்களைப் பாவாடையிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

அந்தி சாய்வதற்குள் பென்ஷன்காரர் சங்கம் வந்துவிட்டது. அதன் காரியதரிசி பொன்னுத்துரை கோட்டு, டை, கக்கத்தில் குடையோடு வந்தார். பின்னால் இரண்டு பேர், அவர் சொல்வதை மறுப்பதற்கென்றே வந்தவர்கள். பேப்பருக்கு மரண அறிவித்தல் உடனே போகவேண்டும். நாளைக்கு அடக்கம்.

“டைடு எண்டு போட ஏலாது,” என்றார் பொன்னுத்துரை. “ஆடு மாடும் டைடுதான்.”

“எக்ஸ்பயர்டு?”

“அது லைசென்ஸ்.”

“டிபார்ட்டட் எண்டு போடுவம்.”

“அவர் என்ன, மலாக்கா பஸ்ஸே? கால்டு டு ரெஸ்ட். அதுதான் தகுதி.”

“ரெஸ்ட்டுக்கோ? பென்ஷன் எடுத்த நாளில இருந்து ரெஸ்ட்டிலதானே ஐசே இருந்தவர்.”

கட்டிலில் கிடந்தவர் வாயைத் திறந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குடத்தோடு ஏறி வந்த பூவம்மா வாசலிலேயே நின்றாள்.

“ஏங்க ஐயாமாரே, வாய் தொறந்தே கெடக்கு. வெறைச்சிட்டா மூடாது. யாராச்சும் நாடியக் கட்டுங்களேன்.”

“கொஞ்சம் பொறு அம்மா,” என்றார் பொன்னுத்துரை. “முக்கியமான விஷயம் கதைக்கிறம்.”

பூவம்மா தன் பழைய சேலை முந்தானையில் ஒரு கீற்றைக் கிழித்துத் தானே கட்டிவிட்டாள். “ராத்திரி பூரா துடிச்ச மனுஷன்,” என்று முணுமுணுத்தாள். அது தமிழில் இருந்ததால் ஒருவர் காதிலும் ஏறவில்லை.

“பிள்ளை,” பொன்னுத்துரை மனோரஞ்சிதத்திடம் திரும்பினார். “பீஸ்ஃபுல்லி எண்டு போடலாமோ? சடன்லி எண்டு போடவோ?”

“பீஸ்ஃபுல்லி,” என்றாள்.

“கடைசியா ஏதும் சொன்னவரோ? சர்ச்சில நான்தான் பேசவேணும்.”

“தேங்க் யூ எண்டு சொன்னவர்.”

பொன்னுத்துரை நெற்றியைச் சுருக்கினார். “தேங்க் யூவோ, மச் ஒப்ளைஜ்டோ? வித்தியாசம் இருக்கு, பிள்ளை.”

“மச் ஒப்ளைஜ்ட்.”

“பார்த்தீரே,” என்று அவர் மற்ற இருவரிடமும் சொன்னார். குரல் தழுதழுத்தது. “மனுசன் சாகேக்கையும் தவறேல்லை.”

சர்ட்டிபிகேட் எழுத வந்த அதே டாக்டர் மட்டும் நெடுநேரம் வயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். குடல் ஓட்டையாகியிருக்க வேண்டும் என்றார். காலையிலேயே பிளந்து தைத்திருக்கலாம். இந்த வலியோடு ஒரு மனிதன் எப்படிப் படுத்திருந்தான் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்தார்.

“அவர் டிஸ்கம்ஃபர்ட் என்றுதானே சொன்னார், டாக்டர்,” என்றாள் மனோரஞ்சிதம்.

“ஆமாம்,” என்றார் டாக்டர். அவசரமாகத் தொப்பியை எடுத்துக்கொண்டார். “அப்படித்தான் சொன்னார்.”

மறுநாள் பிடாடாரிக் கல்லறையில் மழை. பொன்னுத்துரையின் பேச்சு சர்ச்சில் நீண்டுபோனதால், வெயிலாக இருந்த பொழுது வீணாகிவிட்டது. குழியின் ஓரத்துச் செம்மண் கரைந்து உள்ளே வழிந்தது. பெட்டியை இறக்கும் கயிறு ஒரு பக்கம் சிக்கிக்கொள்ள, இராஜரத்தினம் தலைகீழாகச் சாய்ந்தபடி கொஞ்ச நேரம் தொங்கினார்.

மனோரஞ்சிதம் குழியைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஜேசுதாசன் ஆட்களை விலக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தாள். பெரிய கறுப்புக் குடை. அவர் வந்து பக்கத்தில் நின்று குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தார். அவள் அரை அடி அவர் பக்கம் நகர்ந்து நின்றாள்.

“அப்பா செத்துப்போனார்,” என்றாள். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் இங்கிலீஷிலும் அதையே சொன்னாள்.

“பாஸ்ட் அவே எண்டு சொல்லும், மனோ,” என்றார் ஜேசுதாசன் மெதுவாக, பரிவோடு. “டைடு எண்டது கொஞ்சம் கரடு.”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“ஞாயிற்றுக்கிழமைக்கெண்டு கிழமை முழுக்கப் பாடமாக்கினனான்,” என்றார் அவர். முகத்தில் ஒரு சின்ன வெட்கமும் அதைவிடப் பெரிய பெருமையும் இருந்தன. “முதல்ல உங்கட அப்பாவில கோவம்தான் வந்தது. பிறகு பார்த்தால், மனுசன் சொன்னது அவ்வளவும் சரி. இத்தனை நாளும் நான் என்ன கதைச்சுக்கொண்டு திரிஞ்சன் எண்டு வெட்கமா இருக்கு. அவரிட்டச் சொல்லிக்காட்டக் குடுத்துவைக்கேல்லை. நீர் கேளும், சொல்லுறன்.”

“இங்கயோ?”

“சும்மா ஒண்டு. சரி, நானே சொல்லுறன். சேட்னஸ், சாரோ, கிரீஃப். மூண்டும் ஒண்டில்லை. சேட்னஸுக்குக் காரணம் வேண்டாம், மழை பெய்தாலே வரும். சாரோ நெடுநாளைக்கு இருக்கும். கிரீஃப் எண்டால் செத்த வீட்டுக்கு மட்டும். இப்ப உமக்கு இருக்கிறது கிரீஃப். பிறகு அது சாரோவா மாறும். கலியாணத்துக்குப் பிறகும் நாங்கள் ஒவ்வொரு நாளும் சாப்பிடேக்க இப்பிடி ஒண்டைக் கதைக்கவேணும். அவருக்குச் செய்யிற மரியாதை. என்ன சொல்லுறீர்?”

கயிறு ஒருவழியாக விடுபட்டு, பெட்டி கீழே தட்டென்று உட்கார்ந்தது. குருவானவர் மண் போடச் சொன்னார். மனோரஞ்சிதம் குனிந்து ஒரு பிடி அள்ளினாள். சேறாக இருந்தது. போட்டபோது பாதி விழுந்தது, பாதி உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டது.

நிமிர்ந்தபோது ஜேசுதாசன் அடுத்த மூன்று சொற்களுக்குப் போய்விட்டிருந்தார். பேசுகிற உற்சாகத்தில் குடை அவர் பக்கம் சாய்ந்து, அதன் ஓரத்து நீரெல்லாம் ஒரே தாரையாக அவள் இடது தோளில் இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. அவளும் நகரவில்லை.