கங்கம்மாள் நின்ற இடம்

1
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. 1991இல் ஒருநாள், குன்றத்தூர் பேருந்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்:

“கம்பெனில ரோபோ வண்டி ஒரு பொம்பளைய இட்ச்சிட்ச்சாம்பா. அது கேமரா வெச்சுப் பாத்துக்கினு போவுது. அந்தம்மாதான் பாக்காம குறுக்க பூந்துகீது.”

இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தம்மாவை எனக்குத் தெரியும். மணிமங்கலத்தில் என் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர், கங்கம்மாள். கால் எலும்பு முறிந்து படுத்திருந்தார். கவனக்குறைவு என்று சொல்லி வேலையிலிருந்தும் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

2
முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘இரக்கமற்ற இயந்திரத்தின் இரும்பு நெஞ்சில்…’

வேண்டாம். இயந்திரத்தைத் திட்டினால், திட்டு வாங்க வேண்டியவர்கள் நழுவிவிடுவார்கள்.

இரண்டாவது முயற்சி: ‘ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் ஒரு தொழிற்சாலை இருந்தது.’ இது போதும். (பெயர் எழுதி அடித்துவிட்டேன்.)

3
அந்த வண்டிக்கு ஓட்டுநர் கிடையாது. தூண்களில் மாட்டியிருக்கும் கறுப்பு வெள்ளை அட்டைகளைக் கேமராவால் பார்த்து, தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு பாகங்களைச் சுமந்து போகும். அந்தக் கணக்கை எழுதியவர் எழிலரசி என்ற இன்ஜினியர். அவரைத் தேடிப் போய்க் கேட்டேன்.

“மெதுவா போனா பிரச்சினை இல்லீங்க. வேகமா போனா படம் கலங்கிடுது. அதோட, படத்தைப் பாத்து ‘நான் இங்க இருக்கேன்’னு கண்டுபிடிக்கறதுக்குள்ள வண்டி அந்த இடத்தைத் தாண்டிடுது. திரும்ப வேண்டிய இடத்துல திரும்பாம, தள்ளிப் போய்த் திரும்புது.”

“இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும். மேனேஜர் கிட்ட சொன்னேன். ஃபிளாஷ் அடிச்சா படம் கலங்காது. படம் எடுத்தப்புறம் சக்கரம் எவ்ளோ ஓடுச்சுன்னு சேத்துக்கிட்டா கணக்கும் சரியாயிடும். கொஞ்சம் டைம் குடுங்க சார்னு கேட்டேன்.”

மேனேஜர் திருமலை கொடுக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள்; அதற்குள் வண்டி பறக்க வேண்டும். எழிலரசி இல்லாத ஷிஃப்டில், உற்பத்தி லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, முழு வேகத்தில் விடச் சொன்னார். வண்டி தாமதமாகத் திரும்பியது. தன் பாதையின் எல்லையான மஞ்சள் கோட்டைத் தாண்டியது. கோட்டுக்கு வெளியே, தன் இடத்தில் நின்று போல்ட்டுகளை வகை பிரித்துக்கொண்டிருந்த கங்கம்மாளின் மேல் மோதியது.

(இந்தப் பத்தியைப் பலமுறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் அந்த அலறலை வர்ணிக்கத் தொடங்கி நிறுத்தினேன். அது அவருடையது.)

4
கம்பெனி விசாரணையில் திருமலை சொன்னார்: “அந்தம்மா கோட்டைத் தாண்டி வந்திருக்காங்க. எழிலரசி, நீங்களும் அதையே சொல்லிடுங்க.”

“ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன் சார்.”

கங்கம்மாள் நின்ற இடத்தில் காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கி, அதே வேகத்தில் வண்டியை விட்டார் எழிலரசி. பெட்டிகள் சிதறின.

“பெட்டியும் கவனக்குறைவா நின்னுச்சா சார்?”

வேறு வழியில்லாமல் திருமலை அவகாசம் கொடுத்தார். எழிலரசி ஃபிளாஷைப் பொருத்தி, சக்கரக் கணக்கையும் சேர்த்தார். அதே வேகம், அதே வளைவு, மறுபடியும் பெட்டிகள். வண்டி கோட்டுக்குள்ளேயே சீராகத் திரும்பியது. ஒரு பெட்டிகூட அசையவில்லை.

திருமலை கை தட்டினார். “பிரமாதம்!”

“அப்போ கங்கம்மாளை எப்ப சார் கூப்பிடறீங்க?”

“அது வேற, இது வேற.”

(வாசகரே, அந்த நான்கு சொற்களை மறுபடி படியுங்கள். வண்டியின் தவறைத் திருத்தலாம். தவறு வண்டியுடையது என்று ஒப்புக்கொள்ள மட்டும் முடியாதாம்.)

5
இங்கே எனக்கு இரண்டு முடிவுகள் தோன்றின.

அ) திருமலை கண் கலங்கி, மணிமங்கலத்துக்கு வந்து… எனக்கே வெட்கமாக இருக்கிறது. அடித்துவிட்டேன்.

ஆ) எழிலரசி ராஜினாமாவை விசிறியடிக்கிறார். இதை அவரிடமே படித்துக் காட்டினேன். “நான் ஏங்க போவணும்? தப்பு பண்ணது நானா?” என்று என்மேல் எரிந்து விழுந்தார்.

நடந்தது இதுதான். அந்த வெளிநாட்டு விருந்தினர்கள் வந்து நின்றார்கள். எழிலரசி வண்டியின் சாவியைத் திருகவில்லை. அவர்களுக்குப் புரிகிற ஆங்கிலத்தில் சொன்னார்: இந்த வண்டி ஒரு பெண்ணின் காலை முறித்தது, அவர் கோட்டுக்கு வெளியேதான் நின்றார், குறையைச் சரிசெய்துவிட்டோம், அவரை இன்னும் வேலைக்கு அழைக்கவில்லை. பிறகு திருமலையைப் பார்த்தார். விருந்தினர்களும் பார்த்தார்கள்.

“அழைத்துக்கொள்வோம்” என்றார் திருமலை, தரையைப் பார்த்து.

வண்டி பறந்தது. கங்கம்மாளை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எழிலரசியை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள், திருகாணி எண்ண.

6
கங்கம்மாளை அதே வளைவில்தான் நிறுத்தினார்கள். நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். கடைசி வரி: ‘வண்டி சீறி வந்தது. கங்கம்மாள் அசையாமல் நின்றார்.’

“இன்னாத்துக்குமா அப்டி எழுதினுகீற? அது வரும்போதெல்லாம் நான் ரெண்டடி பின்னால பூடுறேன். தெகிரியமா நின்னேன்னு எழுதிட்டா, அவங்களுக்குத் தோதாப் பூடும்.”

“வண்டி இப்ப சரியாத்தானே போவுது?”

“வண்டி போவும். அந்தப் பொண்ணு செஞ்சது. நான் அதச் சொல்லல, அத வுட்டவரச் சொல்றேன்.”

“அப்போ எப்படி முடிக்க?”

“அந்த மேனேஜரு ஒரு ஷிஃப்டு என் எடத்துல வந்து நிக்கட்டும். அப்பால முடி.”

அடித்துவிட்டேன். நியாயமான நிபந்தனை. திருமலை வரும் நாளில் கடைசி வரியை எழுதிக்கொள்ளலாம். நான் இல்லையென்றால் நீங்கள் எழுதுங்கள். அவர் இன்னும் வரவில்லை.